டியூப் ஆம்ப்ளிஃபயரில் டியூப் மாற்றுவது: பயாஸ் என்றால் உண்மையில் என்ன?

ஒலியைப் பெருக்க வெற்றிடக் குழாய்களைப் பயன்படுத்தும் டியூப் ஆம்ப்ளிஃபயர் வைத்திருக்கும் நாலு பேரிடம் "பழைய டியூபை எடுத்துவிட்டுப் புதிது போடலாமா?" என்று கேட்டுப் பாருங்கள், நாலு விதமாகப் பதில் வரும். ஒருவர் பிடுங்கிச் செருகினால் போதும் என்பார். இன்னொருவர் பயாஸ் வைக்காமல் தொட்டால் ஆம்ப் போய்விடும் என்று பயமுறுத்துவார். ஜோடி சேர்த்த டியூப் வாங்கினால் பயாஸே வேண்டாம் என்பவரும் உண்டு, எந்த டியூபானாலும் மெக்கானிக்கிடம்தான் போக வேண்டும் என்பவரும் உண்டு.

இவர்களில் யாரும் முழுக்கப் பொய் சொல்லவில்லை. ஒரே ஆம்ப்ளிஃபயருக்குள் இருக்கும் வெவ்வேறு டியூப்களைப் பற்றி, எதைப் பற்றிப் பேசுகிறோம் என்று சொல்லாமலே பேசுகிறார்கள், அவ்வளவுதான். பயாஸ் என்ன வேலை செய்கிறது என்று ஒரு தடவை புரிந்துவிட்டால், எந்த சாக்கெட்டில் தாராளமாக மாற்றலாம், எதில் மீட்டரை வைத்து அளந்த பிறகே மாற்ற வேண்டும் என்பது தானாகவே தெரிந்துவிடும்.

## டியூபுக்குள் என்ன இருக்கிறது

காற்றை முழுக்க உறிஞ்சி எடுத்த ஒரு கண்ணாடிக் குப்பி. அதற்குள் நடுவில் மெல்லிய கம்பி ஒன்று சூடாகிச் செந்நிறமாக ஒளிர்கிறது, அது ஹீட்டர். ஹீட்டரைச் சுற்றி ஒரு சின்ன உலோகக் குழல், அதன் மேல் பேரியம், ஸ்ட்ரான்ஷியம் ஆக்சைடுகளின் பூச்சு. இது கேத்தோடு. சூடானதும் இந்தப் பூச்சிலிருந்து எலக்ட்ரான்கள் வெளியே கிளம்புகின்றன. வெளிப்புறத்தில் நாம் பார்க்கும் சாம்பல் நிறத் தகடு பிளேட். இதற்குப் பல நூறு வோல்ட் நேர்மின்னழுத்தம் கொடுத்திருப்பதால் எலக்ட்ரான்கள் அதை நோக்கி ஓடுகின்றன.

1904இல் ஜான் ஆம்ப்ரோஸ் ஃபிளெமிங் செய்த டியூபில் கேத்தோடு, பிளேட் என்ற இரண்டு முனைகள்தான் இருந்தன. மின்சாரம் ஒரு திசையில் மட்டும் போகும், அவ்வளவே. 1906இல் லீ டி ஃபாரெஸ்ட் இரண்டுக்கும் நடுவே மூன்றாவதாக ஒரு கம்பியை வைத்தார். அதுதான் கிரிட். அந்த ஒரு கம்பிதான் டியூபை ஒலியைப் பெருக்கும் கருவியாக மாற்றியது.

கிரிட் என்ன செய்கிறது? தண்ணீர்க் குழாயின் திருகை நினைத்துக்கொள்ளுங்கள். குழாய்க்குள் அழுத்தத்தோடு தண்ணீர் காத்திருக்கிறது, திருகை விரலால் லேசாக அசைத்தாலே பெரிய ஓட்டம் கூடிக் குறைகிறது. அசைக்கும் விரலின் பலம் சின்னது, தண்ணீரின் பலம் பெரியது. டியூபில் பிளேட் வோல்ட்டேஜ்தான் அந்த அழுத்தம், எலக்ட்ரான் ஓட்டம்தான் தண்ணீர், கிரிட்தான் திருகு. கிரிட்டுக்கு எதிர்மின்னழுத்தம் கொடுத்தால் அது எலக்ட்ரான்களைத் திருப்பித் தள்ளி ஓட்டத்தைக் குறைக்கும். எதிர்மின்னழுத்தம் கூடக் கூடத் திருகு மூடிக்கொண்டே போகும்.

ஆக, ஹீட்டர் சூடாக்குகிறது, கேத்தோடு எலக்ட்ரான்களைத் தருகிறது, பிளேட் இழுக்கிறது, கிரிட் கட்டுப்படுத்துகிறது. இந்த நான்கு பெயர்களும் நினைவிருந்தால் இந்தக் கட்டுரைக்குப் போதும். பெரிய டியூப்களில் இன்னும் ஓரிரண்டு கிரிட் உண்டு, ஆனால் அடிப்படை மாறுவதில்லை.

## அப்படியானால் பயாஸ் எது?

பாட்டு ஓடாதபோது திருகு எந்த நிலையில் நிற்கிறது என்பதுதான் பயாஸ்.

இசை என்பது மேலும் கீழும் அலைந்துகொண்டே இருக்கும் ஒரு மின்னழுத்தம். அது கிரிட்டுக்கு வரும்போது திருகு ஒருமுறை கொஞ்சம் திறக்கிறது, ஒருமுறை கொஞ்சம் மூடுகிறது. திருகு முதலிலேயே முழுக்க மூடியிருந்தால் மூடும் பக்கத்து அசைவுக்கு இடமே இல்லை, அலையில் பாதி வெட்டுப்பட்டுவிடும், காதுக்குக் கரகரப்பாக வரும். அதே சமயம் திருகை அகலத் திறந்து வைத்துவிட்டால் பாட்டு இல்லாத நேரத்திலும் ஓட்டம் முழுவீச்சில் போய்க்கொண்டே இருக்கும். டியூபில் அந்த வீண் ஓட்டம் எல்லாம் பிளேட்டில் வந்து மோதிச் சூடாக மாறுகிறது. பிளேட்டால் எவ்வளவு சூட்டைத் தாங்க முடியும் என்பதற்கு ஒரு வரம்பு உண்டு. அதை வாட்டில் சொல்வார்கள். இஎல்34க்கு 25 வாட், இஎல்84க்கு 12 வாட், 6எல்6ஜிசிக்கு 30 வாட்.

வெட்டுப்படாத அளவுக்குத் திறந்து, வெந்துபோகாத அளவுக்கு மூடி, இரண்டுக்கும் இடையில் ஒரு நிலையில் கிரிட்டை நிறுத்துவதுதான் பயாஸ் வைப்பது. டியூபுக்கு ஏதோ மருந்து கொடுத்துப் பழக்குவது போல இதைப் பற்றிப் பேசுகிறார்கள். அப்படி எதுவும் இல்லை. கிரிட்டில் எத்தனை வோல்ட், அதனால் பிளேட்டில் எத்தனை மில்லிஆம்பியர், கேள்வி இவ்வளவுதான்.

## புது டியூபுக்கு ஏன் மறுபடி வைக்க வேண்டும்

ஒரே பெயர், ஒரே பெட்டி, ஒரே நாளில் செய்த டியூப்களாக இருந்தாலும் இரண்டு டியூப் ஒரே மாதிரி இருப்பதில்லை. கிரிட்டுக்கும் கேத்தோடுக்கும் உள்ள இடைவெளி முடியளவு மாறினாலே ஓட்டம் மாறிவிடும். ஒரே கிரிட் வோல்ட்டேஜில் ஒரு இஎல்34 30 மில்லிஆம்பியர் எடுக்கும், பக்கத்தில் இருப்பது 45 எடுக்கும். பழைய டியூபுக்காக நிறுத்தி வைத்த திருகு நிலை புதியதற்குப் பொருந்தும் என்று எந்த உத்தரவாதமும் கிடையாது.

இங்கேதான் ஆம்ப்ளிஃபயரின் வடிவமைப்பு முக்கியமாகிறது. பயாஸ் தருவதற்கு இரண்டு வழிகள் இருக்கின்றன.

முதலாவது கேத்தோடு பயாஸ், இதை ஆட்டோ பயாஸ் என்றும் சொல்வார்கள். கேத்தோடுக்கும் தரைக்கும் (சுற்றின் பூஜ்ய வோல்ட் புள்ளிக்கும்) நடுவே ஒரு ரெசிஸ்டர் (மின்தடை) இருக்கும். டியூபின் ஓட்டம் முழுவதும் அதன் வழியாகப் போவதால் கேத்தோடின் மின்னழுத்தம் சில வோல்ட் மேலே ஏறி நிற்கும். கிரிட்டோ தரை மட்டத்திலேயே இருக்கிறது. கேத்தோடிலிருந்து பார்த்தால் கிரிட் அந்தச் சில வோல்ட் அளவுக்கு எதிர்மின்னழுத்தத்தில் இருப்பதாகத்தானே அர்த்தம்? இதன் அழகு என்னவென்றால், கொஞ்சம் அதிகம் இழுக்கும் டியூபைப் போட்டால் ரெசிஸ்டரில் வோல்ட்டேஜ் கூடும், அதனாலேயே திருகு கொஞ்சம் மூடும், ஓட்டம் திரும்பக் குறையும். தன்னைத் தானே சரிசெய்துகொள்ளும் ஏற்பாடு. எனக்கு டியூப் சுற்றுகளிலேயே மிகவும் பிடித்த யோசனை இதுதான், ஒரே ஒரு ரெசிஸ்டரில் முடிந்துவிடுகிறது.

இரண்டாவது ஃபிக்ஸட் பயாஸ். இதில் கிரிட்டுக்குத் தனியாக ஒரு எதிர்மின்னழுத்தம், உதாரணமாக முப்பது நாற்பது வோல்ட், வெளியிலிருந்து கொடுக்கப்படுகிறது. டியூப் எவ்வளவு இழுத்தாலும் அந்த வோல்ட்டேஜ் அசையாது. பெயரைப் பார்த்து மாற்றவே தேவையில்லாத பயாஸ் என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள், உண்மையில் டியூப் மாற்றினால் நாம் கைவைத்துச் சரிசெய்ய வேண்டிய வகை இதுதான். அதற்காகவே திருகாணியால் சுழற்றும் ஒரு சின்ன கன்ட்ரோல் வைத்திருப்பார்கள். இந்த வகையில் வெளியே வரும் பவர் அதிகம் என்பதால் பெரிய ஆம்ப்ளிஃபயர்கள் பலவும் இப்படித்தான் இருக்கும்.

உங்கள் ஆம்ப் எந்த வகை என்பது கூடவே வந்த கையேட்டில் இருக்கும். அது தெரியாமல் பவர் டியூபைக் கழற்ற வேண்டாம்.

## சின்ன டியூப், பெரிய டியூப்

உள்ளே வரும் மெல்லிய சிக்னலை முதலில் பெருக்குபவை சின்ன டியூப்கள், 12ஏஎக்ஸ்7, 12ஏடி7, 12ஏயு7 போன்றவை. ஐரோப்பியப் பெயரில் முறையே இசிசி83, இசிசி81, இசிசி82. இவற்றில் ஓடுவது ஒன்றிரண்டு மில்லிஆம்பியர் முதல் பத்து மில்லிஆம்பியர் வரைதான். அநேகமாக எல்லா ஆம்ப்பிலும் இவை கேத்தோடு பயாஸில் வேலை செய்கின்றன, தாங்கும் வரம்பை விட மிகக் குறைவாகவே ஓடுகின்றன. அதனால் 12ஏஎக்ஸ்7 போயிருந்தால் இன்னொரு 12ஏஎக்ஸ்7 வாங்கிச் செருகலாம். பயாஸ் வைக்கும் கேள்வியே வராது. "பிடுங்கிச் செருகு" என்றவர் சொன்னது இதைத்தான்.

ஸ்பீக்கரைத் தள்ளுபவை பவர் டியூப்கள்: இஎல்34, இஎல்84, 6எல்6ஜிசி, கேடி88, 300பி. இவைதான் பயாஸ் விஷயத்தில் ஜாக்கிரதையாகப் பார்க்க வேண்டியவை. கேத்தோடு பயாஸ் ஆம்ப் என்றால் அதே எண்ணுள்ள நல்ல டியூபைப் போட்டுவிடலாம். ஃபிக்ஸட் என்றால் அளந்துதான் ஆக வேண்டும்.

சில ஆம்ப்களில் மூன்றாவதாக 5ஏஆர்4 போன்ற ரெக்டிஃபயர் டியூபும் இருக்கும். ஏசி மின்சாரத்தை டிசி மின்சாரமாக மாற்றுவது அதன் வேலை. அதற்குப் பயாஸ் கிடையாது, ஆனால் அதை வேறு வகையால் மாற்றினால் எல்லா டியூபுக்கும் போகும் பிளேட் வோல்ட்டேஜே மாறிவிடும், அதோடு பவர் டியூபின் பயாஸும் நகர்ந்துவிடும்.

## ஜோடி சேர்த்த டியூப் என்பது வேறு விஷயம்

பெரும்பாலான ஆம்ப்களில் பவர் டியூப்கள் இரண்டிரண்டாக வேலை செய்கின்றன. ஒன்று திறக்கும்போது மற்றது மூடும். இதைப் புஷ்-புல் என்பார்கள். இரண்டின் ஓட்டமும், ஸ்பீக்கருக்கு முன்னால் இருக்கும் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரின் இரண்டு பாதிகளுக்குள் எதிரெதிராகப் போகிறது. சமமாக இருந்தால் அசையா ஓட்டத்தின் காந்த விளைவு ஒன்றையொன்று ரத்து செய்துகொள்ளும். சமமில்லாவிட்டால் டிரான்ஸ்ஃபார்மரின் இரும்பு ஒரு பக்கமாகக் காந்தமேறி நிற்கும், பாஸ் பலவீனப்படும், ஹம் என்ற இரைச்சல் கூடவும் வாய்ப்பு உண்டு.

அதனால்தான் விற்பவர்கள் ஒரே அளவு இழுக்கும் டியூப்களை அளந்து ஜோடியாகத் தருகிறார்கள். இந்த ஜோடி இரண்டும் ஒன்றுக்கொன்று சமம், அவ்வளவுதான் உறுதி. உங்கள் ஆம்ப்புக்குச் சரியான அளவில் அவை இழுக்கும் என்று யாரும் சொல்லவில்லை. இரண்டும் தலா 30 மில்லிஆம்பியரில் இருக்கலாம், இரண்டும் தலா 55இல் எரியலாம். ஜோடி வாங்கியதால் பயாஸ் வைக்க வேண்டாம் என்பது தவறு, இந்தத் தவறில்தான் அதிகம் டியூப்கள் சாகின்றன என்று நினைக்கிறேன்.

## சாக்கெட்டில் உட்கார்ந்துவிட்டால் பொருந்திவிட்டது என்று அர்த்தமில்லை

ஒன்பது கால் சாக்கெட்டில் ஒன்பது கால் டியூப் எதுவானாலும் கச்சிதமாக உட்காரும். 6டிஜே8 பார்ப்பதற்கு 12ஏஎக்ஸ்7 போலவே இருக்கும், ஆனால் ஹீட்டர் இணைப்பு வேறு. ஒன்றின் இடத்தில் மற்றதைப் போடக் கூடாது. பெரிய டியூப்களிலும் இப்படித்தான். 6எல்6ஜிசியின் ஹீட்டர் 0.9 ஆம்பியர் எடுக்கும், இஎல்34 1.5 ஆம்பியர் எடுக்கும். நான்கு 6எல்6ஜிசியை எடுத்து இஎல்34 போட்டால் பவர் டிரான்ஸ்ஃபார்மரின் மேல் 2.4 ஆம்பியர் கூடுதல் சுமை. இஎல்34இன் முதல் காலில் ஒரு கிரிட் இணைந்திருக்கிறது, 6எல்6ஜிசியில் அந்தக் கால் எதனோடும் சேராதது. ஆம்ப் இரண்டையும் ஏற்கும் என்று தயாரித்தவரே சொல்லியிருந்தால் தவிர, எண்ணை மாற்ற வேண்டாம்.

12ஏஎக்ஸ்7க்குப் பதிலாக 12ஏயு7 போடுவது மட்டும் பொதுவாக ஆபத்தில்லாத மாற்றம், கால்கள் ஒன்றே. ஆனால் முதலாவதின் பெருக்கம் 100, இரண்டாவதன் பெருக்கம் 17 முதல் 20 வரைதான். ஒலி வெகுவாகக் குறைந்துவிடும், அந்தச் சுற்றும் அதற்காக வடிவமைத்ததல்ல.

இதுவரை: சின்ன டியூப் என்றால் அதே எண்ணில் மாற்றலாம். கேத்தோடு பயாஸில் உள்ள பவர் டியூபும் அப்படியே, ஜோடியாக வாங்கினால் நல்லது. ஃபிக்ஸட் பயாஸில் ஜோடியும் வேண்டும், அளந்து வைப்பதும் வேண்டும்.

## கை வைப்பதற்கு முன்

இதைச் சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போக எனக்கு மனமில்லை. டியூப் ஆம்ப்புக்குள் 300 முதல் 500 வோல்ட் டிசி இருக்கிறது. உயிரை எடுக்கப் போதுமானது. ஸ்விட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே உள்ள கெப்பாசிட்டர்கள் அந்த மின்சாரத்தைத் தேக்கி வைத்திருக்கும். மேலிருந்தே டியூபை மாற்றுவதும், வெளியே தெரியும் அளவுப் புள்ளிகளில் மீட்டரை வைப்பதும் யாரும் செய்யக்கூடியதே. அடித்தட்டைக் கழற்றி உள்ளே அளக்க வேண்டிய ஆம்ப்பாக இருந்தால், உயர் மின்னழுத்தத்தில் பழக்கம் உள்ளவரிடம் கொடுங்கள். அது கௌரவக் குறைவு இல்லை.

அப்புறம், ஸ்பீக்கரை மாட்டாமல் டியூப் ஆம்ப்பைப் போடவே கூடாது. சுமை இல்லாத நிலையில் சிக்னல் போனால் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரில் மின்னழுத்தம் எக்கச்சக்கமாக ஏறி, உள்ளே பொறி பறந்து சுருளோ சாக்கெட்டோ கருகிவிடலாம்.

## செருகும் விதம்

ஆம்ப்பை அணைத்து, பிளக்கை எடுத்து, டியூப்கள் நன்றாக ஆறும்வரை பொறுங்கள். டியூபை நேராக மேலே இழுங்கள். வரவில்லை என்றால் மிக லேசாக முன்னும் பின்னும் அசைத்தபடி இழுக்கலாம். முறுக்கித் திருகக் கூடாது. பெரிய டியூப்களைக் கண்ணாடியில் பிடிக்காமல் அடியில் உள்ள கறுப்பு அடிப்பாகத்தில் பிடியுங்கள், இல்லாவிட்டால் கண்ணாடியும் அடிப்பாகமும் பிரிந்துவிடும். எட்டுக் கால் டியூபின் நடுத்தண்டில் ஒரு முளை இருக்கும், அது சாக்கெட்டின் பள்ளத்தில் சேர வேண்டும். அந்த முளை உடைந்த டியூபைத் தப்பாகச் செருகினால் பெரும் சேதம் வரும் என்பதால் அதைப் பயன்படுத்தாமல் விடுவதே மேல். ஒன்பது கால் டியூபில் கால்களுக்கு நடுவே ஓரிடத்தில் இடைவெளி அதிகமாக இருக்கும், அதை வைத்துத் திசை கண்டுபிடிக்க வேண்டும். வளைந்த காலை முதலில் மெதுவாக நிமிர்த்துங்கள். அழுத்தினால் நேராகிவிடும் என்று அழுத்தினால் கால் அடியில் கண்ணாடி விரிசல் விட்டுக் காற்று புகுந்துவிடும்.

## பயாஸை வைப்பது

ஃபிக்ஸட் பயாஸ் ஆம்ப்பில் புது டியூபைப் போடும் முன் கன்ட்ரோலை ஓட்டம் மிகக் குறைவாக இருக்கும் பக்கத்துக்குத் திருப்பி வையுங்கள். எந்தப் பக்கம் என்பது கையேட்டில் இருக்கும். அப்புறம் ஸ்பீக்கரை இணைத்து, வால்யூமைக் கீழே வைத்து, பவர் போட்டு, பதினைந்து இருபது நிமிடம் சூடாக விடுங்கள்.

அளப்பது எப்படி? பல ஆம்ப்களில் கேத்தோடுக்கும் தரைக்கும் நடுவே 1 ஓம் ரெசிஸ்டர் ஒன்றை அளப்பதற்காகவே வைத்திருப்பார்கள். அதன் மேல் எத்தனை மில்லிவோல்ட் தெரிகிறதோ, டியூபில் அத்தனை மில்லிஆம்பியர் ஓடுகிறது. 10 ஓம் என்றால் பத்தால் வகுக்க வேண்டும்.

எவ்வளவு வைக்க வேண்டும்? கையேட்டில் எண் இருந்தால் அதுதான் பதில், கூடுதலாக யோசிக்காதீர்கள். இல்லாவிட்டால் ஒரு சின்னக் கணக்கு. பிளேட் தாங்கும் வாட்டில் 60 முதல் 70 சதவீதம் புஷ்-புல் ஃபிக்ஸட் பயாஸுக்குப் பொதுவாகச் சரியாக இருக்கும். இஎல்34க்கு 25 வாட்டில் 70 சதவீதம் 17.5 வாட். பிளேட்டில் 450 வோல்ட் இருந்தால் 17.5ஐ 450ஆல் வகுத்தால் 0.039 ஆம்பியர், அதாவது 39 மில்லிஆம்பியர். இதுதான் உச்சம், நான் 35 பக்கமே நிறுத்துவேன். அங்கே டியூப் குளிர்ச்சியாக ஓடும், ஒலியில் வித்தியாசம் கண்டுபிடிப்பதும் கஷ்டம். பயாஸைக் கூட்டக் கூட ஒலி இனிமையாகும் என்ற எண்ணத்தில் 90 சதவீதத்துக்குத் தள்ளுகிறவர்கள் டியூபின் ஆயுளை விலையாகக் கொடுக்கிறார்கள்.

கேத்தோடு பயாஸ் ஆம்ப்களுக்கு இந்தச் சதவீதக் கணக்கு பொருந்தாது. அவற்றில் டியூப் முழு வரம்புக்கு அருகிலேயே ஓடும்படி வடிவமைப்பது வழக்கம், அதைப் பார்த்துப் பதற வேண்டாம்.

கன்ட்ரோலைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, ஒவ்வொரு டியூபையும் அந்த எண்ணுக்குக் கொண்டு வாருங்கள். ஒன்றைக் கூட்டினால் பிளேட் வோல்ட்டேஜ் லேசாக இறங்கி மற்றவை மாறும், ஆகவே கடைசி டியூப் முடிந்ததும் முதலிலிருந்து இன்னொரு சுற்று பார்க்க வேண்டும். அரை மணி நேரம் கழித்து மறுபடியும் ஒருமுறை.

## முதல் ஒரு மணி நேரம் எதைப் பார்ப்பது

விளக்கை அணைத்துவிட்டுப் பிளேட்டுகளைப் பாருங்கள். சாம்பல் தகடு எங்காவது செம்மையாக ஒளிர ஆரம்பித்தால் உடனே ஆம்ப்பை அணைத்துவிடுங்கள். ஓட்டம் வரம்பை மீறிப் போய்விட்டது என்று அர்த்தம். ஹீட்டரின் ஒளி வேறு, அது தகட்டுக்கு உள்ளே நடுவில் தெரியும், அது இயல்பு.

நீல ஒளியைப் பார்த்துப் பலர் பயந்துபோகிறார்கள். கண்ணாடியின் உட்பரப்பில் ஒட்டினாற்போல் நீலம் மின்னினால் கவலை இல்லை, நல்ல பவர் டியூப்களில் அது சகஜம். தகடுகளுக்கு நடுவே உள்ள இடைவெளி முழுவதும் ஊதாவோ ரோஜா நிறமோ மங்கலாக நிறைந்திருந்தால் உள்ளே வாயு இருக்கிறது, அந்த டியூபை மாற்ற வேண்டும். உச்சியில் தெரியும் வெள்ளிப் பூச்சு மீந்த வாயுவை உறிஞ்சுவதற்காக வைத்த பேரியம். அது பால்வெள்ளையாக மாறியிருந்தால் காற்று புகுந்துவிட்டது, டியூப் முடிந்தது.

சின்ன டியூபில் மணியோசை போலக் கணீரென்று ஒலி ஸ்பீக்கரில் வந்தால், பென்சிலின் ரப்பர் முனையால் டியூபை மெல்லத் தட்டிப் பாருங்கள். தட்டும் சத்தம் பெரிதாக ஸ்பீக்கரில் கேட்டால் உள்ளே உள்ள பாகங்கள் அதிர்கின்றன. லேசாகக் கேட்பது இயல்புதான், தட்டிய பிறகும் ரீங்காரம் நீண்டால் வேறு டியூப் போடுங்கள்.

ஒரு பக்க ஸ்பீக்கரில் மட்டும் இரைச்சல் என்றால், ஆம்ப்பை அணைத்து ஆறவிட்டு, இடது வலது சின்ன டியூப்களை இடம் மாற்றிப் பாருங்கள். இரைச்சலும் பக்கம் மாறினால் குற்றம் டியூபில். மாறாமல் அதே பக்கம் நின்றால் ஆம்ப்பிலோ கேபிளிலோதான் தேட வேண்டும். ஃபிக்ஸட் பயாஸில் உள்ள பவர் டியூப்களையும் இப்படி மாற்றலாம், ஆனால் ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் பயாஸை மறுபடி அளக்க வேண்டும். புது டியூப் முதல் சில வாரங்களில் கொஞ்சம் நகரும், அதனால் ஒரு மாதம் போல ஓடிய பிறகு ஒருமுறை அளந்து, கிடைத்த எண்ணைத் தேதியோடு எழுதி வையுங்கள். அடுத்த முறை ஒரு டியூப் மட்டும் தனியாக விலகிப் போயிருந்தால், எது பலவீனப்படுகிறது என்று அந்தக் காகிதத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம்.